ஆய்வகக் கணினிகளைக் கழித்துக்கட்டும் அவசரம் யாருக்காக?

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அந்தத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத் துறைகளின் கணினி ஆய்வகங்களைக் கூண்டோடு கழித்துக்கட்டும் முன்மொழிவுகள் எழுதப்படுகின்றன. ‘விண்டோஸ் 11 ஏற்காது, ஆகவே பயனற்றது’ என்பதே அவற்றின் முழு நியாயம். இந்த ‘ஆகவே’யைக் கேள்வி கேட்க ஆய்வுலகில் ஒருவரும் எழுந்து நிற்பதில்லை. ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் ஆண்டு பிழையாக இருந்தால் அரை மணி நேரம் வாதிடும் பேராசிரியர்கள், நாற்பது கணினிகளைப் பழைய இரும்பு விலைக்கு அனுப்பும் தாளில் ஒரு நொடியில் கையெழுத்திடுகிறார்கள்.

கழிக்கப்படும் கணினி என்பது என்ன? 2016, 2017 வாக்கில் குறைந்த விலைக்கு வாங்கப்பட்ட மேசைக் கணினிகளில் ஒரு வழக்கமான சேர்க்கையை எடுத்துக்கொள்ளலாம்: இன்டெல் பெண்டியம் ஜி4400, எச்110 சிப்செட் கொண்ட மதர்போர்டு, 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். (செயலி என்ற சொல் இன்று கைப்பேசி ஆப்புக்குப் போய்விட்டதால் பிராசசரைப் பிராசசர் என்றே சொல்வது குழப்பம் தராது.) இந்தக் கணினி எழுந்து உட்காரவே ஐந்து நிமிடம் ஆகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிராசசர் பொறுப்பன்று. ஹார்ட் டிஸ்க்கே பொறுப்பு. அதை எடுத்துவிட்டு ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தி, ராமை 8 ஜிபிக்கு உயர்த்தினாலே அந்தக் கணினியைப் பற்றிய புகார்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். தட்டச்சு, இணையத் தேடல், மின்னூல் வாசிப்பு ஆகியவற்றுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை.

ஆய்வு மாணவருக்குத்தான் பிராசசர் தடையாகிறது. அதுவும் பலர் நினைக்கும் காரணத்தால் அன்று. ஜி4400இல் இரண்டு கோர்கள் மட்டுமே உண்டு என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, ஏவிஎக்ஸ் என்னும் கட்டளைத் தொகுதியை இன்டெல் அந்தக் காலப் பெண்டியங்களுக்குக் கொடுக்கவில்லை என்பது. அதே தலைமுறையைச் சேர்ந்த ஐ3க்கும் ஐ5க்கும் அது உண்டு. மலிவானதற்கு மட்டும் மறுக்கப்பட்டது. 2018இல் வந்த 1.6 பதிப்பு தொடங்கி டென்சர்ஃப்ளோவின் ஆயத்தத் தொகுப்புகள் ஏவிஎக்ஸ் இல்லாத பிராசசரில் இயங்குவதில்லை. மாணவர் நிறுவுகிறார், எல்லாம் சரியாகவே நடக்கிறது, முதல் வரியை இயக்கியதும் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று சொல்லி நிரல் செத்துவிடுகிறது. தம் நிரலில்தான் பிழை என்று நம்பி அவர் வாரக் கணக்கில் தேடுகிறார். நெறியாளரும் அப்படியே நம்புகிறார். மலிவுச் சந்தைக்காக ஒரு நிறுவனம் வேண்டுமென்றே அடைத்து வைத்த கதவு, அந்த மாணவரின் அறிவுக் குறைவாகப் பதிவாகிறது.

இந்தக் கதவைத் திறக்க முழுக் கணினியையும் தூக்கி எறியத் தேவையில்லை. அதே மதர்போர்டு ஐ5-6500ஐ ஏற்கும். நான்கு கோர்கள், ஏவிஎக்ஸ் 2 வரையிலான கட்டளைகள். வெப்ப வரம்பு 54 வாட்டிலிருந்து 65 வாட்டுக்குத்தான் ஏறுகிறது. பவர் சப்ளையில் கை வைக்க வேண்டாம். பயாஸைப் புதுப்பித்தால் ஏழாம் தலைமுறைப் பிராசசர்களும் பொருந்தும். வேலை என்று பார்த்தால் மின்விசிறியைக் கழற்றி, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, சில்லை மாற்றி, புதிய பேஸ்ட் தடவி மூடுவது, அவ்வளவே. இதில் அஞ்ச வேண்டியது ஒன்றுதான்: இந்த வகைச் சாக்கெட்டில் ஊசிகள் சில்லில் இல்லை, மதர்போர்டில் இருக்கின்றன. ஓர் ஊசி வளைந்தாலும் போர்டு போய்விடக்கூடும்.

இங்கே அனுபவசாலிகள் என்று பெயரெடுத்தவர்களின் அறிவுரையையும் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ‘போடுவதுதான் போடுகிறாய், ஐ7-7700ஐயே போடு’ என்பார்கள். ஒரு சாக்கெட்டின் கடைசி உயர்நிலைச் சில்லுக்கு எல்லோரும் போட்டியிடுவதால் பழைய சந்தையிலும் அதன் விலை இறங்க மறுக்கும். அந்தப் பணத்தை ராமில் போடுவது அறிவுடைமை. இன்னும் சிலர் ‘1151 சாக்கெட்தானே, எட்டாம் தலைமுறை ஐ3-8100 மலிவு’ என்று தூண்டுவார்கள். சாக்கெட்டின் பெயர் அதே. தொடர்புப் புள்ளிகளின் எண்ணிக்கை அதே. சில்லும் இடத்தில் உட்காரும். கணினி மட்டும் உயிர்பெறாது. 2017இல் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குப் புதிய 300 வரிசைச் சிப்செட்டைக் கட்டாயமாக்கியது. மின்வழங்கல் தேவை மாறியது என்று காரணம் சொன்னது. ஆனால் ஆர்வலர்கள் பயாஸைத் திருத்தி, சில தொடர்புகளை மறைத்து, பழைய இசட்170 போர்டுகளிலேயே அந்தச் சில்லுகளை ஓட்டிக் காட்டினார்கள். ஆய்வகத்தில் செய்யத்தக்க வேலை அன்று அது. எனினும், ‘முடியாது’ என்று சொல்லப்பட்டதில் பாதி, ‘விருப்பமில்லை’ என்பதை அது அம்பலமாக்கியது.

2009க்கும் 2024க்கும் இடையில் இன்டெலின் பொதுப் பயன்பாட்டுச் சாக்கெட்டுகள் 1156, 1155, 1150, 1151, 1200, 1700, 1851 என்று மாறிக்கொண்டே வந்தன. நடுவே 1151 சொன்ன இரட்டை வேடம் வேறு. மறுபுறம் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டைப் பாருங்கள். 2017இல் வந்த ஏ320 என்னும் கடைநிலைச் சிப்செட் போர்டில் ஏ6-9500 போன்ற இரட்டைக் கோர் சில்லோடு வாங்கிய கணினி, போர்டு தயாரிப்பாளர் பயாஸ் வெளியிட்டிருந்தால், 2021இல் வந்த ரைசன் 5 5600ஜியை ஏற்கும்: ஆறு கோர்கள், உள்ளேயே கிராஃபிக்ஸ். விண்டோஸ் 11உம் அதை ஒப்புக்கொள்கிறது. இதுவும் பெருந்தன்மையால் வந்ததன்று. 300 வரிசைப் போர்டுகளுக்கு இந்தத் தலைமுறையைத் தர முதலில் ஏஎம்டியும் மறுத்தது, 2022இல்தான் இறங்கிவந்தது.

இனி அந்தப் புனிதமான பட்டியலுக்கு வரலாம். விண்டோஸ் 11, இன்டெலின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். எனவே நான்கு கோர், எட்டுத் த்ரெட் கொண்ட ஐ7-7700 தகுதியற்றது; நான்கு கோர், நான்கு த்ரெட் கொண்ட ஐ3-8100 தகுதியுடையது. இரண்டின் கோர் வடிவமைப்பும் ஒரே வம்சம். பாதுகாப்புதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. அது முற்றிலும் பொய்யன்று; மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதிக்குப் பிராசசரில் ஒரு தனி ஆற்றல் இருந்தால் வேகம் குறையாமல் இயங்கும், இல்லாவிட்டால் மென்பொருளில் பாவனை செய்ய வேண்டும். ஆனால் அந்த ஆற்றல் ஏழாம் தலைமுறையிலேயே வந்துவிட்டது என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. ஏஎம்டியில் அதற்கு இணையானது ஜென் 2 வடிவமைப்பில்தான் வருகிறது. ஆனால் அதற்கு முந்திய ஜென் பிளஸ் சில்லுகள் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன. வசதி உள்ளது வெளியே, இல்லாதது உள்ளே. ஏழாம் தலைமுறைக்குக் கொடுத்த விரல்விட்டு எண்ணத்தக்க விலக்குகளில் ஒன்று ஐ7-7820எச்க்யூ. மைக்ரோசாஃப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல் இருந்த பிராசசர் அது. இதற்கு மேலும் அந்தப் பட்டியலைப் பொறியியல் தீர்ப்பாக வணங்குவோருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

‘அப்படியானால் பாதுகாப்பற்ற விண்டோஸ் 10இல் மாணவர்களை விட்டுவைப்பதா?’ என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. கல்வி நிறுவனங்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்டே கணினிக்கு முதலாண்டு 1 டாலர், இரண்டாமாண்டு 2 டாலர், மூன்றாமாண்டு 4 டாலர் என்று அறிவித்தது. ஆக, 7 டாலரில் 2028 அக்டோபர் வரை அவகாசம். கழிவு முன்மொழிவுகளில் இந்த வரி ஏன் இடம்பெறுவதில்லை? வழங்குநர் கொடுத்த வரைவை அப்படியே நகலெடுத்தால் எப்படி இடம்பெறும்?

அந்த 7 டாலரும் வேண்டாமென்றால் லினக்ஸ் இருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகள் ஆண்டுக் கணக்கில் கட்டற்ற மென்பொருளில்தான் இயங்கிவருகின்றன. அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பழகும் ஒன்றை முனைவர் பட்ட மாணவர்களால் பழக முடியாது என்று வாதிடுவது வெட்கக்கேடு. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அரசின் கையிலேயே உண்டு. ஆர், பைத்தான், லாடெக் எல்லாம் லினக்ஸில் இன்னும் இலகுவாக இயங்கும். விண்டோஸ் இல்லாமல் ஓடாத மென்பொருளை நம்பியிருக்கும் கணக்குப் பிரிவுக்குப் புதிய கணினி வாங்கட்டும், யாரும் தடுக்கவில்லை.

தணிக்கை என்ற பூச்சாண்டி அடுத்து வரும். நேரு பிளேஸிலும் எஸ்.பி. ரோட்டிலும் லாமிங்டன் ரோட்டிலும் கிடைக்கும் பழைய ஐ5ஐப் பல்கலைக்கழகம் எந்த ரசீதில் வாங்கும்? நியாயமான கேள்வி. ஆனால் வெளியே வாங்கவே வேண்டியதில்லை. நிர்வாகப் பிரிவுகள் கழிக்கும் அதே தலைமுறை ஐ5 கணினிகளின் போர்டும் பவர் சப்ளையும்தான் பெரும்பாலும் பழுதாகியிருக்கும். பிராசசர் அவ்வளவு எளிதில் சாவதில்லை. இறந்த கணினியின் சில்லும் ராமும் இருக்கும் கணினிக்கு வரட்டும். எஸ்எஸ்டி புதிதாகவே வாங்கக்கூடியது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளும், ஒரு பொருளைப் பயனற்றதென அறிவிக்கும் அதிகாரி அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றே கூறுகின்றன.

எல்லாப் பழைய கணினியையும் காப்பாற்ற வேண்டும் என்பதன்று வாதம். எச்61 சிப்செட்டும் டிடிஆர்3 ராமும் கொண்ட இரண்டாம் தலைமுறைக் கணினிகளுக்கு இனிப் பணம் செலவிடுவது வீண். மின்தேக்கி உப்பிய போர்டு போகட்டும். பெருநிறுவனங்களின் ஒட்டுமொத்தக் கொள்முதல் கணினிகள் சிலவற்றில் பவர் சப்ளையின் இணைப்பே தனி வடிவில் இருக்கும். அது பழுதானால் மாற்று கிடைப்பது கடினம். 2018இல் வெளிப்பட்ட ஸ்பெக்டர், மெல்ட்டவுன் குறைபாடுகளுக்கான ஒட்டுகள் பழைய சில்லுகளின் வேகத்தை ஓரளவு குறைத்தன என்பதும் உண்மை. இவை ஒவ்வொன்றும் கணினியைத் திறந்து பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. திறந்து பார்க்காமலே எடுக்கப்படுகிறது என்பதுதான் குற்றச்சாட்டு.

கழிக்கப்பட்டவை எங்கே போகின்றன? 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரைக் கேட்கின்றன. புதுப்பித்து மீண்டும் பயன்படுத்துவோருக்கும் அவற்றில் தனி இடம் உண்டு. ஆயினும் தில்லியின் சீலம்பூரில் வெறுங்கையால் பிரிக்கப்படும் போர்டுகளும், மொராதாபாத்தில் செம்புக்காக எரிக்கப்பட்டு ராம்கங்கைக் கரையில் சாம்பலாகக் கிடந்தவையும் எங்கோ ஓர் ஏலத்தில் தொடங்கியவைதாம். அந்தப் புகையைச் சுவாசிப்பவர் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத ஆய்வு மாணவருக்கு வழங்கப்படும் மாதம் 8,000 ரூபாயில் வாடகையும் உணவும் போக மடிக்கணினி வாங்க முடியாமல் ஆய்வகத்துக்கு வந்தால், அங்கே பூட்டுத் தொங்கும். புதியவை ஒப்பந்தப்புள்ளியில் இருக்கின்றன என்று சொல்வார்கள்.

துறைக் குழுக்களின் முன் வைக்க வேண்டிய கோரிக்கை சிறியது. கழிவுப் பட்டியலில் ‘வாங்கிய ஆண்டு’ என்ற ஒரு நிரலை மட்டும் நிரப்பி அனுப்பாமல், ஒவ்வொரு கணினிக்கும் எதிரே இருக்கும் பிராசசர், போர்டின் சிப்செட், அது ஏற்கும் உச்சப் பிராசசர், ராம் வரம்பு, வட்டு எஸ்எஸ்டியா இல்லையா என்பவற்றை எழுத வேண்டும். நாற்பது கணினிகளுக்கு இதை எழுத இரண்டு ஆய்வு மாணவர்களுக்கு ஒரு பிற்பகல் போதும். அந்தத் தாள் மேசைக்கு வரும்வரை முன்மொழிவில் எந்தப் பேராசிரியரும் கையெழுத்திடக் கூடாது.