கப்பல்ல உக்காந்து ராக்கெட் பாக்கணுமாம்!

போன வாரம் சென்னையில இருக்கற நண்பர் ஒருத்தர் போன் பண்ணார். நல்ல மனுஷன், நல்ல ரசிகன். ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல அவருக்கு ஐடியா வரும், அதான் பிரச்சினை. "யோவ், சென்னையில இருந்து உல்லாசக் கப்பல் விட்டாங்கல்ல, அதை ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடற நாளா பாத்து விட்டா எப்படி இருக்கும்? மேல்தளத்துல நாற்காலி, கையில ஜூஸ், நடுக்கடல்... மூணு, ரெண்டு, ஒன்னு, சொய்ங்! அமெரிக்காவுல அப்படித்தான் பாக்கறானாம். நீ ஒரு பதிவு போடேன்"ன்னார்.

போட்டாச்சு சாமி. படிச்சு முடிச்சதும் அவர் என்னைத் திட்டுவார், பரவாயில்ல.

முதல்ல ஒன்னு சொல்லிடறேன். நான் ராக்கெட் பைத்தியம். 2024 டிசம்பர் 30 ராத்திரி திருவண்ணாமலையில எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னு பிஎஸ்எல்வி சி60 போனதைப் பாத்தவன். ஸ்ரீஹரிகோட்டா இங்க இருந்து காக்கா பறக்கற தூரத்துக்கே இருநூறு கிலோமீட்டர் இருக்கும். 9.58-ன்னு சொல்லி, ரெண்டு நிமிஷம் தள்ளி பத்து மணிக்கு விட்டாங்க. வடகிழக்குல, தென்னை மரத்துக்கு மேல, யாரோ பீடி பத்தவெச்ச மாதிரி ஒரு செம்புள்ளி. சத்தம் கிடையாது, புகை கிடையாது. முழுசா ரெண்டு நிமிஷம் கூட இல்ல, போயிடுச்சு. எதிர்வீட்டு அம்மா "அது ஏரோப்பிளேன் தம்பி"ன்னு சொல்லிட்டு கதவை சாத்திக்கிட்டாங்க. எனக்கு மட்டும் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அதனால பின்னூட்டத்துல வந்து "நீ அறிவியலுக்கு எதிரி, நாட்டுக்கு எதிரி"ன்னு யாரும் கும்ம வேணாம். :-)

இப்ப மேட்டருக்கு வருவோம்.

ராக்கெட் விடற அன்னைக்கு அந்தக் கடல் சும்மா இருக்கற கடல் இல்ல, மூடி வெச்ச கடல். ராக்கெட் மேல போகப் போக, எரிஞ்சு முடிஞ்சு கழண்டு வர்ற பாகம் கடல்லதான் விழும். அது ஒழுங்கா போனா. ஒழுங்கா போகலைன்னா? 2006 ஜூலை 10-ந் தேதி ஜிஎஸ்எல்வி எஃப்02, இன்சாட் 4சி-யைத் தூக்கிக்கிட்டு கிளம்புச்சு. பக்கவாட்டு எஞ்சின் நாலுல ஒன்னு கைவிட்டுச்சு. ஒரு நிமிஷத்துக்குள்ள கதை முடிஞ்சு எல்லாம் கடல்ல. 2010 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னைக்கு, ஜிஎஸ்எல்வி எஃப்06-க்கும் அதே கதி. கீழ யாரும் இல்லாததால உயிர் போகலை. யாரும் இல்லாம இருந்தது தற்செயலா? இல்ல. கடலுக்குப் போகாதேன்னு முன்கூட்டியே சொல்லியிருந்தாங்க.

யாருகிட்ட சொன்னாங்க? அங்கதான் என் வயித்தெரிச்சல் ஆரம்பிக்குது.

பழவேற்காட்டு மீனவர்கள்கிட்ட. ஏவுதல் வரும்போதெல்லாம் பேப்பர்ல ஓரமா ஒரு பெட்டிச் செய்தி வரும், "பழவேற்காடு மீனவர்கள் கடலுக்குச் செல்லத் தடை". நாம அதைத் தாண்டி ராக்கெட் போட்டோவுக்குப் போயிடுவோம். நானும் வருஷக்கணக்கா அப்படித் தாண்டினவன்தான்.

2023 ஜூலை 14, சந்திரயான் 3 போன நாள். அக்கா பையனைக் கூட்டிக்கிட்டு பழவேற்காடு போயிருந்தேன். மதியம் 2.35-க்கு ஏவுதல். கரை முழுக்க எங்களை மாதிரி வேடிக்கை கோஷ்டி. படகு எல்லாம் மணல்ல ஏத்தி வரிசையா கெடக்கு. ஒரு படகோட நிழல்ல உக்காந்து ஒருத்தர் வலைக் கிழிசல் தெச்சிக்கிட்டு இருந்தார். வெள்ளைப் புகை எழும்பிச்சு, பையன் குதிக்கறான், ஜனம் கை தட்டுது. ஒன்றரை நிமிஷம் கழிச்சுத்தான் அந்த இரைச்சல் வந்து சேந்துச்சு (முப்பது கிலோமீட்டருக்கு மேல இருக்குல்ல, சத்தம் நடந்து வர நேரம் ஆகும்). அவர் தலை நிமிர்ந்து ஒரு தடவை பாத்தார், திரும்பவும் ஊசியை எடுத்துக்கிட்டார்.

"என்னண்ணே, இதெல்லாம் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சா?"ன்னு கேட்டேன். விளையாட்டாத்தான்.

"அலுப்பு இன்னா சார். நல்லாத்தான் போவுது. நம்ம ஊட்டுப் புள்ள மாதிரிதான். ஆனா அது போவுற அன்னிக்கி நாங்க போவ முடியாது. இன்னிக்கி டீசல் போடல, வலை போடல, ஊட்டுக்கு இன்னா எடுத்துனு போவ? நீங்க வேடிக்க பாக்க லீவு போட்டு வந்துகிறீங்க, உங்களுக்கு சம்பளம் வந்துடும்."

நான் அன்னைக்கு கேஷுவல் லீவுல இருந்தேன். சம்பளம் வந்துச்சு.

"வருஷத்துக்கு எத்தனை ராக்கெட் விட்றாங்க, இதுக்குப் போய்"ன்னு நீங்க கேட்பீங்க. நண்பரும் கேட்டார். 2023-ல ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து செயற்கைக்கோள் தூக்கிக்கிட்டுப் போனது ஏழு ராக்கெட், 2024-ல அஞ்சு. கணக்குல கம்மிதான். ஆனா ஏவுதல் ஏழுன்னா நாள் ஏழுன்னு அர்த்தம் இல்லய்யா. சந்திரயான் 2-ஐ 2019 ஜூலை 15 விடியக்காலை 56 நிமிஷம் இருக்கும்போது நிறுத்தி, 22-ந் தேதி விட்டாங்க. பிஎஸ்எல்வி சி59-ஐ 2024 டிசம்பர் 4-ன்னு சொல்லி 5-ந் தேதி விட்டாங்க. தள்ளிப் போற ஒவ்வொரு தடவையும் கடல் இன்னொரு தடவை மூடும். அந்த ஒரு மாசத்தை எடுத்துக்குங்க. நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல், டிசம்பர் முதல் வாரத்துல சி59, மாசக் கடைசியில சி60. இதுக்கு நடுவுல எத்தனை நாள் வலை வீசியிருப்பாங்க?

மீன்பிடித் தடைக்காலம்னு ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் இருக்கு. விசைப்படகு போகக்கூடாது. மீன் இனம் பெருகணும், சரி. அதுக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசாங்கம் நிவாரணம் தருது. ஊருக்கு நல்லதுக்காக ஒருத்தனை வீட்ல உக்காரச் சொன்னா அவனுக்குக் காசு கொடுக்கணும்ங்கற நியாயத்தை அரசாங்கமே ஒத்துக்கிட்டாச்சு. அப்போ ராக்கெட் நாளையும் அதே கணக்குல எழுதுங்க. தள்ளிப்போன நாளையும் சேத்து எழுதுங்க. ஒரு ராக்கெட் செலவுல இது பெருங்காயம் அளவு கூட வராது. என் கோரிக்கை அவ்வளவுதான்.

அவங்களை உக்கார வெச்சிட்டு அதே கடல்ல ஒரு மாடமாளிகையை மிதக்க விட்டு, அதுல நாம ஜூஸ் குடிக்கணும்னு ஒரு ஆசை வருதே, அதை என்ன சொல்ல?

"ஆபத்துப் பகுதிக்கு வெளிய நிறுத்திக்கலாம்ப்பா"ன்றார். அமெரிக்கக் கதையையும் கேளுங்க. 2022 ஜனவரி 30, ஃப்ளோரிடா. ஃபால்கன் 9 இத்தாலி செயற்கைக்கோளோட தயாரா நிக்குது. கடைசி நிமிஷத்துல ஒரு பிரமாண்டமான உல்லாசக் கப்பல் ஆபத்துப் பகுதிக்குள்ள. நிறுத்து! அன்னைக்கு ராக்கெட் போகலை, மறுநாள்தான் போச்சு. 2014 அக்டோபர் 27, அதே நாட்ல வாலப்ஸ் தீவு. ஒரே ஒரு படகு உள்ள வந்ததால ஆன்டாரிஸ் ராக்கெட்டை நிறுத்தினாங்க. மறுநாள் விட்டாங்க, கிளம்பின சில விநாடியில வெடிச்சு அதே இடத்துலயே விழுந்துச்சு. இந்தக் கட்டுப்பாடெல்லாம் ஏன்னு கேட்கறவங்க அந்த வீடியோவை ஒரு தடவை பாருங்க. நான் கேட்கறது வேற. நாளைக்கு பழவேற்காட்டு ஃபைபர் படகு ஒன்னு எல்லை தாண்டி, அதால ஏவுதல் நின்னா, நாம அதை "பாவம், வழி தவறிடுச்சு"ன்னு எழுதுவோமா?

கப்பல்ல இருந்து ராக்கெட் பாக்கறதே தப்புன்னு சொல்லலை. பாத்திருக்காங்க, நம்ம ஆளுங்களே. 2013-ல மங்கள்யானுக்காக எஸ்சிஐ நாளந்தா, எஸ்சிஐ யமுனான்னு ரெண்டு கப்பல் தென் பசிபிக் வரைக்கும் போச்சு. அந்தப் பயணத்துல ராக்கெட்டோட கடைசி அடுக்கு எரியறது அங்கதான், அதைப் பின்தொடர கரையில நிலையம் கிடையாது. மோசமான வானிலையில நாளந்தா போய்ச் சேரத் தாமதமாச்சு. அக்டோபர் 28-க்கு வெச்சிருந்த நாள் நவம்பர் 5-க்குத் தள்ளிப் போச்சு. செவ்வாய்க்குப் போற ராக்கெட் ஒரு கப்பலுக்காக ஒரு வாரம் காத்துக்கிட்டு இருந்துச்சுங்க! அந்தக் கப்பலுக்கு நான் எழுந்து நின்னு கை தட்டுவேன்.

இந்தியாவோட ராக்கெட் கதையே மீனவக் குப்பத்துலதானே தொடங்குச்சு? தும்பாவுல, புனித மேரி மக்தலேனா தேவாலயத்தையும் பிஷப் வீட்டையும் விட்டுக் கொடுத்து, அங்க இருந்த ஜனம் இடம் பெயர்ந்துச்சு. 1963 நவம்பர் 21-ல முதல் ராக்கெட். அப்புறம் ஸ்ரீஹரிகோட்டா. இப்போ தூத்துக்குடி மாவட்டத்துல குலசேகரன்பட்டினம், 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டியாச்சு. அங்க இருந்து நேரா தெற்கே விடலாம், இலங்கையைச் சுத்தி வளைஞ்சு போற வேலை மிச்சம், சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய லாபம். நல்ல திட்டம், நான் ஆதரிக்கறேன். ஆனா பழவேற்காட்டுல இத்தனை வருஷம் பேசாம விட்ட கணக்கை, அங்க முதல் ராக்கெட் கிளம்பறதுக்கு முன்னாடியே பேசிடணும். அப்புறம் பேசினா "இப்பதான் ஞாபகம் வந்துச்சா"ன்னு கேட்பாங்க.

எங்க ஊர் ஆளுக்கு இது ஏன் இவ்வளவு உறைக்குதுன்னு சொல்றேன். கார்த்திகைக்கு 2,668 அடி மலை உச்சியில தீபம் ஏத்தறாங்களே, அதை ஏத்தற உரிமை யாருக்கு? பருவதராஜகுலத்துக்கு. மீனவ சமுதாயம். லட்சக்கணக்கான ஜனம் கீழ நின்னு அண்ணாந்து பாத்து அரோகரா போடற வெளிச்சம், மீன் பிடிக்கறவங்க வம்சத்துக் கையால ஏறுது. 2024 டிசம்பர் 1-ந் தேதி வ.உ.சி. நகர்ல மண் சரிஞ்சு குழந்தைகளோட ஏழு பேர் போய்ட்டாங்க. அந்த வருஷம் பக்தர்கள் மலையேறக் கூடாதுன்னு தடை. சரியான தடைதான். ஆனா 13-ந் தேதி சாயங்காலம் கொப்பரையும் நெய்யும் திரியும் சுமக்கறவங்க மேல இருந்தாங்க, தீபம் எரிஞ்சுது. பாதுகாப்புன்னு சொல்லி வேடிக்கை பாக்கறவனை நிறுத்தினாங்க, அது யாரோட வேலையோ அவங்களை நிறுத்தலை. கடல்ல வேலைக்காரனையும் நிறுத்தித்தான் ஆகணும், வேற வழி இல்ல, புரியுது. அவனை நிறுத்திட்டு வேடிக்கைக்காரனுக்கு டிக்கெட் விக்கலாம்னு யோசிக்காதீங்கய்யா.

ராக்கெட் பாக்கணும்னா வழியா இல்ல? 2019 ஏப்ரல் 1-ல இருந்து ஸ்ரீஹரிகோட்டாவுலயே பொதுமக்களுக்குப் பார்வையாளர் மாடம் இருக்கு, பேர் பதிஞ்சிட்டுப் போகலாம். இல்லையா, மெரினாவுல நில்லுங்க. எங்க வீட்டு மொட்டை மாடி கூட இருக்கு, டீ நான் தர்றேன்.

இதையெல்லாம் நண்பர்கிட்ட போன்லயே அரை மணி நேரம் கத்தித் தீத்தேன். பொறுமையா கேட்டார். "சரிய்யா, கப்பல் வேணாம். அடுத்த ராக்கெட்டுக்கு நீயும் நானும் பழவேற்காடு போவோம். பாத்துட்டு அப்படியே கடல் மீன் வாங்கி ஒரு குழம்பு"ன்னார்.

"அன்னைக்கு ஏதுய்யா கடல் மீனு?"