புளி போட்டுத் துலக்காதீர்கள்!

பழங்காசு சேர்க்கும் பைத்தியம் உங்களுக்கும் உண்டா? அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி!

985 முதல் 1014 வரை தஞ்சையில் ஆண்ட ராஜராஜனின் செப்புக் காசைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறு பக்கம் உட்கார்ந்த உருவம், கையோரம் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. காசுகள் ஏராளம், ஆனால் அச்சு ஓரம் தள்ளி விழுந்து, பாதிப் பெயர் வெளியே போனவைதான் அதிகம். பெயர் முழுதாக உள்ள காசுக்கே மதிப்பு.

கும்பகோணத்துப் பழைய பாத்திரக் கடையில், எடைக்கு வந்த செம்போடு செம்பாக, அப்படி ஒன்று எனக்கு அகப்பட்டது. கரும்பச்சை படர்ந்து, எழுத்து ஒன்றுகூடத் தேயாமல்! மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். "களிம்பு பிடிச்சுக் கிடந்ததேடா" என்று அத்தை புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கையில் கொடுத்தாள். எழுத்தைக் காணோம், ராஜாவுக்கு முகமும் இல்லை. என்ன சொல்ல? "ரொம்ப நன்னாயிருக்கு, அத்தை" என்றேன்.

ஆகவே, பளபளக்கும் சோழர் காசை வாங்காதீர்கள். விளிம்பைச் சுற்றி வார்த்த கோடு தெரிந்தால் போலி. சோழர் காசு அச்சில் அடித்தது.

மண்ணைத் தோண்டும்போதே புதையலாகக் கிடைத்தால்? பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால், 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அத்தை பார்ப்பதற்கு முன்னால் தெரிவித்துவிடுங்கள்.