பெட்டி யார் கையில் இருந்ததோ, அவர் பதில் சொல்லட்டும்

மண் பொம்மை செய்கிறவர்கள், கடம் வனைகிறவர்கள், வீணை அனுப்புகிறவர்கள், இவற்றைக் காசு கொடுத்து வாங்கிச் சில்லாகப் பெற்றுக்கொண்டவர்கள், ஊறுகாய் பாட்டில் முதல் மிக்ஸி வரை கூரியரில் போட்டுவிட்டு நொந்தவர்கள் எல்லோருமாகக் கூடி இந்தப் பிரகடனத்தை வெளியிடுகிறோம். இயக்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்ற சண்டை எங்களுக்குள் இன்னும் ஓயவில்லை. அது ஓயட்டும் என்று உட்கார்ந்திருந்தால் நவராத்திரி வந்து போய்விடும். ஆகவே பெயரில்லாமலே தொடங்குகிறோம்.

எங்கள் கொள்கை ஒன்றுதான். முழுசாக ஒப்படைத்த பொருள் உடைந்து போய்ச் சேர்ந்தால், இடையில் அது யார் பொறுப்பில் இருந்ததோ அவர்தான் என்ன நடந்தது என்று சொல்லவேண்டும். சொல்ல முடியாவிட்டால் பணத்தைக் கொடுக்கவேண்டும். அனுப்பியவரும் பெற்றவரும் துப்பறியும் வேலை பார்க்கக் கூடாது.

இதை நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சரக்கு ஏற்றிச் செல்பவரின் கவனக்குறைவை வழக்குப் போட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை என்று 1865ஆம் ஆண்டின் கேரியர்ஸ் சட்டமே சொல்லிவிட்டது. மாட்டு வண்டிக் காலத்துச் சட்டம். அதை எடுத்துவிட்டு 2007ல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவிலும் இதே விதி இருக்கிறது. வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுசேர்க்கும் கூரியர் ஏஜென்சியும் இந்தச் சட்டத்துக்குள் அடக்கம் என்று அதன் விளக்கப் பிரிவே சொல்கிறது.

சட்டம் இப்படி. கவுன்டரில் நடப்பது வேறு.

மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரியிலிருந்து ஒரு பெண் கொலு பொம்மைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூரியர் ஆபீசுக்கு வருகிறார். "என்னக்கா, மண்ணு சாமானா? உடைஞ்சா நாங்க பொறுப்பில்ல. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்கிறார் கவுன்டர் தம்பி. அந்த அக்காவும் போட்டுவிடுகிறார். போடாவிட்டால் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவேண்டும். பெட்டியை எடுத்துக்கொள்கிறார்கள், பணத்தை எடுத்துக்கொள்கிறார்கள், பொறுப்பை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் தம்பி மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவரிடம் கொடுத்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சடித்து வைத்திருக்கிறார்களே, அதை எழுதியவர்கள் மேல்தான்.

சேதம் என்றாலே சில்லுசில்லாக நொறுங்கியிருக்கவேண்டும் என்ற நினைப்பு இந்தத் தொழிலில் இருக்கிறது. மானாமதுரைக் கடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுருதிக்கு ஒரு கடம் என்று பார்த்து வனைந்து, தட்டித் தட்டிச் சுவரின் கனத்தைச் சீராக்கி, சுட்டு எடுக்கிறார்கள். கேட்ட சுருதிக்கு அமையாத கடத்தைக் கச்சேரிக்காரர் தொடமாட்டார். அந்தக் கடம் எங்கோ ஒரு குடோனில் இரண்டடி உயரத்திலிருந்து விழுகிறது. பிரித்துப் பார்த்தால் முழுசாகத்தான் இருக்கும். கழுத்துக்குக் கீழே மயிரிழை ஒன்று ஓடியிருக்கும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். விரல் முட்டியால் தட்டினால் கணீர் என்று வரவேண்டியது, ஈரச் சுவரில் தட்டினதுபோல் பொத்தென்று வரும். அதற்குப் பிறகு அதில் தண்ணீர்கூட ஊற்றி வைக்க முடியாது. புகார் கொடுத்தால் பெட்டியின் போட்டோ கேட்பார்கள். அனுப்புவோம். "அட்டைப்பெட்டி நசுங்கவில்லை, ஆகவே சேதம் எங்களிடம் நடக்கவில்லை" என்று பதில் வரும். காதால் கேட்கவேண்டிய பொருளைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

பெட்டி நசுங்காமல் உள்ளே இருப்பது உடைவது அதிசயமே இல்லை. பிக்கப் வண்டி, கிளை, ஹப், ராத்திரி லாரி, இன்னொரு ஹப், டெலிவரி கிளை, கடைசியில் ஒரு பைக். இத்தனை இடத்திலும் பெட்டியை யாராவது எடுக்கிறார்கள், யாராவது வைக்கிறார்கள். வைப்பதாவது! லாரி கிளம்பும் நேரம் நெருங்கினால் கைமாற்றிக் கைமாற்றி வீசத்தான் செய்வார்கள். இருபது கிலோ இரும்புச் சாமான் மூட்டை மேலே, பொம்மை கீழே. "உடையும் பொருள்" என்ற சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தனி அடுக்கில் வைப்பார்கள் என்று நம்புகிறோம். அப்படித் தனி அடுக்கு பெரும்பாலான இடங்களில் கிடையாது. அது வெறும் ஸ்டிக்கர்தான், கடையில் ரோல் கணக்கில் கிடைக்கிறது.

ஆனால் ஒவ்வொரு இடத்திலும் பெட்டியை ஸ்கேன் செய்கிறார்கள். எத்தனை மணிக்கு எந்த ஊரைத் தாண்டியது என்று நம் போனுக்கு மெசேஜ் வருகிறது. எங்கே இருக்கிறது என்று நிமிடக் கணக்கில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. ஸ்கேன் செய்யும் அதே கருவியில் ஒரு போட்டோ எடுக்க எத்தனை விநாடி ஆகும்? ஒவ்வொரு கைமாற்றலிலும் பெட்டியின் நிலை பதிவாகவேண்டும், புகார் வந்தால் அந்தப் பதிவு முழுவதையும் வாடிக்கையாளரிடம் கொடுக்கவேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை.

"நீங்கள் சரியாகப் பேக்கிங் செய்யவில்லை" என்பது அவர்களுடைய அடுத்த ஆயுதம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஏன் உண்மையாகிறது என்று பாருங்கள். கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை; பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து, வருகிற எண்ணைக் கிலோ என்று வைத்துக்கொள்கிறார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். நாலு கிலோ பொம்மையைச் சுற்றிலும் நல்ல கனத்துக்கு வைக்கோலும் பப்பிள் ஷீட்டும் வைத்து 60க்கு 45க்கு 45 பெட்டியில் போட்டால் கணக்குப்படி 24.3 கிலோ. நாலு கிலோவுக்குப் பதில் இருபத்து நாலு கிலோவுக்குப் பணம் கட்டவேண்டும். அதனால் வைக்கோலைக் குறைக்கிறோம், பெட்டியைச் சின்னதாக்குகிறோம், உடைகிறது. பாதுகாப்புக்குக் கூடுதல் காசு கேட்டுவிட்டு, பாதுகாப்புப் போதவில்லை என்று கைவிரிக்கிறார்கள். உடையும் பொருளென்று பதிவு செய்த பெட்டிக்கு இந்தக் கன அளவுக் கணக்கு கூடாது என்கிறோம்.

இனி பணம். 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, தனியாகப் பேசிக்கொள்ளாவிட்டால், சேதத்துக்கு நிறுவனத்தின் பொறுப்பு வாங்கிய கட்டணத்தைப் போல் பத்து மடங்கோடு முடிந்துவிடும். 200 ரூபாய் கட்டி அனுப்பிய 8,000 ரூபாய்க் கடம் உடைந்தால் 2,000 ரூபாய். அதற்கும் கீழே, 100 ரூபாய் என்று அச்சடித்த பில்களும் உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டால் சிக்கல்தான். ஜெர்மனிக்கு ஆடை அனுப்பிய பாரதி நிட்டிங் கம்பெனியின் ஏற்றுமதி ஆவணங்கள் கூரியரில் தொலைந்து, சீசன் முடிந்து, வாங்கியவர் விலையைக் குறைத்துவிட்டார். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ல், கையெழுத்திட்ட ரசீதில் வரம்பு 100 டாலர் என்றிருந்தால் 100 டாலர்தான் என்று சொல்லிவிட்டது. கையெழுத்தில்லாத, படிக்கவே முடியாத பொடி எழுத்து நிபந்தனைகளை ஏற்காத நுகர்வோர் ஆணையத் தீர்ப்புகளும் பல உண்டு. அதற்காக மாதக்கணக்கில் அலையவேண்டும், அவ்வளவுதான்.

இந்த வரம்பைத் தாண்ட 2007 சட்டமே ஒரு வாசல் வைத்திருக்கிறது. கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் கட்டணம் கட்ட ஒப்புக்கொண்டால் பத்து மடங்கு வரம்பு விலகிவிடும். அந்தக் கூடுதல் கட்டணத்தை வாங்க வேண்டுமானால், அது எவ்வளவு என்று ஆங்கிலத்திலும் அந்தந்த மாநில மொழியிலும் எழுதிக் கடையில் மாட்டியிருக்கவேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. அதாவது தமிழ்நாட்டில் தமிழில் ஒரு பலகை. உங்கள் தெருக்கோடி கூரியர் ஆபீசில் அந்தப் பலகையைப் பார்த்திருக்கிறீர்களா? சாமி படம் இருக்கும், "கடன் கேட்காதீர்" இருக்கும். எங்கள் கூட்டத்தில் கேட்டுப் பார்த்தோம், பார்த்தேன் என்று ஒரு கைகூட உயரவில்லை. பலகை இல்லாததால் அந்த வாசல் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. கவுன்டரிலும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

பொருளின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதிலும் பிடிவாதமாக இருப்போம். தசாவதார செட் ஒன்றில் பத்துப் பொம்மை. கூர்மம் மட்டும் உடைந்துவிட்டது. பத்தில் ஒரு பங்கு தருகிறோம் என்கிறார்கள், கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒன்பது அவதாரத்தை யார் வாங்குவார்கள்? பெருமாள் மீன வடிவிலிருந்து நேரே வராகத்துக்குத் தாவிய கதையை எந்தப் பாட்டி பேரப்பிள்ளைக்குச் சொல்வாள்? தனிக் கூர்மம் ஒன்று செய்து கொடுத்தாலும் வண்ணம் ஒட்டாது; ஒரே நாள் குழைத்த நிறத்தில் தீட்டினால்தான் செட். செட்டாக விற்ற பொருளுக்குச் செட்டின் விலைதான் நஷ்டம்.

இதில் இரண்டு பக்கமும் இடிபடுகிறவர் சிறு விற்பனையாளர். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், சேதப்பட்ட பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்றவர் சொல்லக் கூடாது என்கின்றன. சரி, வாங்கியவர்களும் எங்களில் இருக்கிறார்கள், அந்த விதியை ஒரு எழுத்துக்கூடத் தளர்த்தக் கூடாது. ஆனால் திருப்பிக் கொடுத்தவர் அந்தப் பணத்தைக் கூரியரிடம் கேட்டால், "நீங்கள் வியாபாரத்துக்காக அனுப்பினீர்கள், நுகர்வோரே அல்ல" என்று வாதம் வரும். தன் கையால் செய்து தானே விற்றுப் பிழைப்பவர் கூரியர் சேவையைப் பொறுத்தவரை நுகர்வோரே என்று சட்டத்தில் சந்தேகமில்லாமல் எழுதவேண்டும்.

வாசலில் பெட்டியோடு நிற்கும் டெலிவரி தம்பியிடம் சண்டை போடுவதை இயக்கத்தில் சேர்கிறவர்கள் இன்றோடு விட்டுவிடவேண்டும். அவர் கைக்கு வருவதற்கு முன்பே பெட்டி ஐந்தாறு கை மாறிவிட்டது. "சார், ஓடிபி சொல்லுங்க, இன்னும் நாப்பது டெலிவரி நிக்குது" என்று அவசரப்படுத்துகிறார் என்றால் அவருக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஆனால் அந்த ஓடிபியைத்தான் பின்னால் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டார்" என்பதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். ஓடிபி பெட்டி வந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. பிரித்துப் பார்த்துச் சொல்ல வாடிக்கையாளருக்கு அவகாசம் வேண்டும், அதற்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு டெலிவரித் தொழிலாளிக்குக் கூலி வேண்டும், சேதத்துக்கு அவர் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. அவருடைய சங்கங்கள் எங்களோடு சேர்ந்து நின்றால் மகிழ்வோம்.

அஞ்சல் துறையையும் சொல்லவேண்டும். 2007 சட்டத்தில் அரசு தன்னைக் கேரியர் பட்டியலிலிருந்து விலக்கிக்கொண்டது. 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டமும், விதிகளில் வகுத்ததைத் தவிர வேறு பொறுப்பு எதுவும் துறைக்கு இல்லை என்கிறது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இதே பாட்டு. தனியாருக்குச் சொல்லும் நியாயம் அரசுக்கும் பொருந்தட்டும்.

சேருகிறவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள். பொருளின் உண்மையான விலையை எழுதவேண்டும். காசு மிச்சம் பிடிக்க எட்டாயிரத்தை எண்ணூறு என்று எழுதிவிட்டு உடைந்த பிறகு எட்டாயிரம் கேட்பவருக்காக நாங்கள் வாதாடமாட்டோம். ஏற்கெனவே விரிசல் விட்டதை அனுப்பிப் பணம் பார்க்க நினைப்பவரை நாங்களே காட்டிக்கொடுப்போம். மூடுவதற்கு முன் ஒரு போட்டோ, பிரிக்கும்போது வெட்டாமல் ஒரே வீடியோ. இவை இல்லாவிட்டாலும் உரிமை போய்விடாது, இருந்தால் வாய்ச்சண்டை குறையும். பெட்டியைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் கூரியர் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் போகவேண்டும். போன் பேசியதும் ஆப்பில் நட்சத்திரம் குறைத்ததும் நோட்டீஸ் ஆகாது. விமானத்தில் வெளிநாடு போன பொருளென்றால் பெற்றவர் 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். டொரன்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வாடிக்கையாளரிடம் அனுப்பும்போதே இதைச் சொல்லி வையுங்கள்.

நோட்டீசுக்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். பில்லில் "டெல்லி நீதிமன்றத்துக்கு மட்டும் உட்பட்டது" என்று என்னதான் அச்சடித்திருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கெடு இரண்டு வருடம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. மனு எழுதத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் எழுதிக்கொடுப்பார். வக்கீல்கள் சிலர் உடன் இருக்கிறார்கள், இவர்களுடைய சொந்தப் பெட்டியும் உடைந்ததுதான் காரணம்.

சந்தா இல்லை. உடைந்த பொருளின் பில் நகலைக் கொண்டுவந்தால் உறுப்பினர்.

முதல் வேலை இந்தக் கொலு சீசனுக்கு முன்பே தொடங்குகிறது. ஒவ்வொருவரும் தன் ஊர் கூரியர் கவுன்டருக்குப் போய், "கூடுதல் பொறுப்புக் கட்டணம் எவ்வளவு? தமிழ்ப் பலகை எங்கே?" என்று கேட்கவேண்டும். பலகை இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். இல்லையென்றால் இல்லை என்று ஒரு காகிதத்தில் எழுதி, கிளையின் முத்திரை வாங்கப் பாருங்கள். முத்திரை தர மறுத்தால் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.