மூங்கில் என்றால் அப்படித்தானா?

ஐதராபாத்தில் நான் தங்கியிருக்கும் மாடியறைக்கு முன்னால் மூங்கிலால் ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தார்கள். (இங்கே அதை 'வெதுரு' என்கிறார்கள், சங்கத் தமிழின் 'வெதிர்'தான்.) இரண்டாம் கோடையில் என் புத்தகங்களின்மேல் வெளிர்மஞ்சள் மாவு உதிரத் தொடங்கியது. கழிகளெங்கும் குண்டூசித் துளைகள். "மூங்கில் என்றால் அப்படித்தான்" என்று வீட்டுக்காரர் தகரம் போட்டுவிட்டார். இப்போது நண்பகலில் அங்கே நிற்க முடிவதில்லை. அந்த 'அப்படித்தான்' என்பதோடுதான் எனக்கு வழக்கு.

தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் பிரிக்கிறது. அவ்வகையில் மூங்கில் புல். தாவரவியலும் அதையே சொல்கிறது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டமோ அதை மரத்தில் சேர்த்தது. அதை நீக்க 2017 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் வேண்டியிருந்தது.

இப்பாகுபாடு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. வயிரம் புறத்தே இருப்பதால் வழவழத்த தோல் மருந்தை உள்ளே விடாது. அகத்தே மாவுச்சத்து மிக்க மென்பகுதியோ வண்டுக்கு உணவாகிறது. மேலே பூசும் வார்னிஷ் கண்ணுக்கு மட்டுமே. மூன்றாண்டேனும் முற்றிய கழியை, மாவுச்சத்து குறைந்திருக்கும் மழைக்குப் பிந்தைய மாதங்களில் வெட்டி, கணுத் தடுப்புகளைக் கம்பியால் துளைத்து, வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் நாள்கணக்கில் ஊறவைத்தால் மருந்து உட்புறமிருந்து ஏறும். மூங்கிலை நீரில் வாரக்கணக்கில் அமிழ்த்திவைக்கும் பழைய வழக்கமும் அந்த மாவுச்சத்தைக் கரைக்கும் வேலையே. ஒன்று மறக்கலாகாது: இம்மருந்து மழையில் கரைந்துவிடும். ஆகவே இந்தக் கழிகள் கைமரமாகவும் வரிச்சாகவும் ஓட்டின் கீழே இருக்க வேண்டும். மழை நேரே படலாகாது. எங்கள் சாய்ப்பில் மருந்தும் இல்லை, மேலே ஓடும் இல்லை.

கட்டுமான மூங்கிலைப் பதப்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 9096ஆம் எண் நெறிமுறை இருக்கிறது. ஆனால் சாலையோரத்தில் ஏணியும் தட்டியும் விற்கும் மேதரிக் கைவினைஞரிடம் ஊறவைக்கத் தொட்டி ஏது? மருந்தேறிய கழிக்கும் ஏறாததற்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடும் இல்லை. எனவே வாங்குவோர் மலிவானதையே எடுக்கிறார்கள். கைவினைஞரைக் குறைகூறுவது எளிது. மாநகராட்சி பொதுத் தொட்டிகள் கட்டித் தரட்டும்; எந்த மருந்து, எந்த நாளில் ஏற்றப்பட்டது என்பது விற்பனைச் சீட்டில் இடம்பெறட்டும்.

நீடித்த வளர்ச்சி பற்றிக் கருத்தரங்கு நடத்தும் நாமும், வளாகத்தில் ஒரு சைக்கிள் கொட்டகையையேனும் இவ்வாறு வேய்ந்து, மருந்தேற்றிய தேதியைக் கழியிலேயே எழுதி, ஆண்டுதோறும் அண்ணாந்து பார்த்து மாவு உதிர்கிறதா என்று குறித்துவைக்கலாம்.