சொச்சம் யாருக்கு?

கணக்கில் விடையைக் காட்டிலும் மிச்சமே கூடுதலாகக் கற்பிக்கிறது என்பது என் கருத்து. இது சற்று விபரீதமாகத் தோன்றலாம். பாடசாலையில் விடைக்குத்தான் புள்ளி. வகுத்து வந்த மிச்சத்தைத் தாளின் ஓரத்தில் சிறிதாக எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். மேல்வகுப்புக்கு வந்ததும் அந்த ஓரக்குறிப்பும் மறைகிறது. இரண்டு தசமத்துக்குத் திருத்தமாக எழுதுக என்று வினாத்தாளே கட்டளையிடுகிறது. வெட்டி எறிந்த பகுதி எங்கே போயிற்று, யார் தலையில் விழுந்தது என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே இல்லை. கேட்கவேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

நான் கணினியிலே வரைபடம் வரைந்து பிழைப்பவன். இரும்புக் கூரைச் சட்டம், படிக்கட்டு, இறங்குதுறைக் கைப்பிடி முதலியவற்றை ஆட்டோகாட் என்னும் மென்பொருளில் வரைந்து பட்டறைக்கு அனுப்புவது என் தொழில். 20 மீற்றர் நீளமான கைப்பிடி ஒன்றை ஏழு சம கட்டங்களாகப் பிரிக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஒவ்வொரு கட்டமும் 2857 மில்லிமீற்றர் என்று காட்டும். ஏழு முறை கூட்டிப் பாருங்கள்: 19,999. ஒரு மில்லிமீற்றரைக் காணோம்! மென்பொருள் பொய் சொல்லவில்லை. தன் வயிற்றுக்குள் ஏறத்தாழப் பதினைந்து இலக்கம் வரை வைத்துக்கொண்டு, நாம் கேட்ட அளவுக்கு மட்டும் வாய் திறக்கிறது. ஆனால் பட்டறைத் தொழிலாளி திரையின் வயிற்றைப் பார்ப்பதில்லை. தாளில் உள்ள எண்ணைத்தான் பார்க்கிறார். ஒன்றன்பின் ஒன்றாக அளந்துகொண்டு போனால் கடைசித் தூண் தன் இடத்துக்கு வராது.

இதற்குப் பழைய மேற்பார்வையாளர்கள் கைக்கொண்ட வழி எளியது. எல்லா அளவையும் ஒரே முனையிலிருந்து எடுப்பார்கள்: 2857, 5714, 8571, 11,429, 14,286, 17,143, 20,000. இவ்வாறு எழுதினால் ஒரு வேடிக்கையைக் காணலாம். ஆறு கட்டங்கள் 2857 ஆக நிற்க, நட்டநடுவில் உள்ள நான்காவது கட்டம் மட்டும் 2858 ஆகிறது. காணாமற்போன மில்லிமீற்றர் நடுவிலே போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே அதனால் எவருக்கும் தீங்கில்லை. சொச்சத்தை ஒழிக்க முடியாது. அதற்கு ஓர் இடம் கொடுக்கத்தான் முடியும்.

ஒரு மில்லிமீற்றருக்கு இவ்வளவு பேச்சா என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. அவர்களுக்கு நான் சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் நிகழ்ந்ததைச் சொல்வேன். கணினி எண்களை இரண்டின் அடியில் வைத்திருக்கிறது. அரை, கால், அரைக்கால் ஆகியவை அதற்குக் கைவந்த கலை. பத்தில் ஒன்று என்றாலோ அதற்கு முடிவில்லாத பின்னமாகிவிடும். எங்கேனும் ஓரிடத்தில் வெட்டியே தீரவேண்டும். 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில், எதிரியின் ஏவுகணையை வானிலே மறிப்பதற்காக வைத்த பேட்ரியட் என்னும் சாதனம் நேரத்தைப் பத்தில் ஒரு செக்கனாக எண்ணிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் எண்ணிக்கையிலும் வெட்டுண்ட துண்டு, செக்கனைக் கோடி கூறிட்டாலும் அதில் ஒரு கூறுக்குச் சற்றே குறைவானது. நூறு மணித்தியாலம் ஓய்வின்றி ஓடியதும் அத்துண்டுகள் சேர்ந்து ஏறத்தாழ மூன்றிலொரு செக்கனாயின. அந்நேரத்துள் ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கு மேற் பறந்துவிடும். பெப்ரவரி 25ஆம் திகதி வந்த ஏவுகணையைச் சாதனம் வானத்தின் வேறோர் இடத்திலே தேடியது. அது படைவீரர் தங்கியிருந்த விடுதியில் விழுந்து 28 பேர் மாண்டனர். மிச்சத்தை எறிந்தவர் எவரோ; அதைச் சுமந்தவர் வேறு எவரோ.

நிற்க. அலுவல் நிமித்தம் ஒருமுறை ஒல்லாந்துக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தது. நெடுந்தீவில் வேர்கொண்ட எனக்கு டெல்ஃப்ட் என்ற புகையிரத நிலையப் பெயர்ப்பலகையைக் கண்டதும் உண்டான உணர்ச்சியை எங்கள் தீவார் மட்டுமே முற்றாக அறிவர். ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் ஊர்ப்பெயர்களை இட்டுச் சென்றனர். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. ஊர்காவற்றுறையும் வேலணையும் அமைந்த தீவு லெய்டன் ஆயிற்று. தொழிற்பயணம் என்பது பெரும்பாலும் விமான நிலையத்து நாற்காலியையும் விடுதிச் சுவரையும் பார்ப்பதுதான். ஆயினும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருந்தமையால் இரண்டு நகரங்களையும் சுற்றிப் பார்த்தேன்.

இன்று உலகமெங்கும் வழங்கும் தசமக் கணக்கை ஐரோப்பாவிலே பரப்பிய சிறுநூல் 1585இல் லெய்டனில் அச்சாயிற்று. எழுதியவர் சைமன் ஸ்டெவின். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே சமர்க்கந்தில் அல் காஷி தசமத்தைக் கையாண்டுவிட்டார் என்பது வேறு கதை. ஸ்டெவினிடம் என்னைக் கவர்ந்தது, அவர் தம் நூலை வான நூலாரோடு நில அளவையாளர், துணி அளப்போர், மதுப்பீப்பாய் அளப்போர், நாணயச்சாலையார், வணிகர் ஆகியோரையும் விளித்து எழுதியமையே. கணிதம் சந்தைக்குரியது என்பதை அவர் மறக்கவில்லை.

அந்நகரத்துப் பீற்றர் தேவாலயத்தில் மற்றொரு கல்லைக் கண்டேன். லூடொல்ஃப் வான் கூலன் என்பவரின் நினைவுக்கல் அது. முதலிலே டெல்ஃப்டில் வாட்பயிற்சி கொடுத்தவர். பின்னர் லெய்டனிலே கணிதம் கற்பித்து 1610இல் மறைந்தவர். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணை 35 தசம இலக்கம் வரை கையாற் கணித்தவர். பழைய கல்லறைக்கல் தொலைந்துபோக, 2000ஆம் ஆண்டு புதியதொன்றை வைத்திருக்கிறார்கள். அக்கல்லில் விடை ஒன்றல்ல, இரண்டு. உண்மை இதனினும் பெரிது, இதனினும் சிறிது என்று இரண்டு எல்லைகளைப் பொறித்துள்ளனர். கடைசி இலக்கத்தில் மட்டுமே அவை வேறுபடுகின்றன. வாழ்நாளெல்லாம் கணித்தவர், தமக்குக் கைகூடாத சொச்சம் எவ்வளவு என்பதையும் கல்லறையிலே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்! எத்தனையோ அரசர்களின் மெய்க்கீர்த்திகளில் இந்த நேர்மை இல்லை.

நம்மவரிடம் என்ன இருந்தது? இங்கே ஒரு சாரார் எழுந்து, நுண்மணல், அணு என்று பட்டியல் ஒன்றை வாசித்து, இன்றைய விஞ்ஞானம் எல்லாம் நம் சுவடியில் அன்றே உண்டு என்பர். கைபேசிகளிலே அப்பட்டியல் ஓயாது சுற்றிவருகிறது. பெயர் இருந்தது என்பதனாலேயே கருவியும் இருந்தது என்று கொள்ளுதல் அறியாமை. இன்னொரு சாரார் இவற்றையெல்லாம் பழங்குப்பை என்று தள்ளிவிடுவர். இருவருமே எண்சுவடியைப் பிரித்துப் பார்த்ததில்லை என்பதுதான் என் குறை.

பிரித்தால் மிக அழகான ஒரு சங்கதி கிடைக்கும். கீழ்வாய்க் கணக்கின் அடிப்படை அலகு முந்திரி; ஒன்றை 320 கூறாக்கினால் அதில் ஒன்று. நான்கு முந்திரி ஒரு காணி, அதாவது 80இல் ஒன்று. நான்கு காணி ஒரு மா, 20இல் ஒன்று. ஐந்து மா ஒரு கால். மாவையும் காணியையும் கூட்டினால் 16இல் ஒன்று வரும். அதன் பெயரே மாகாணி. பெயரைச் சொல்லும்போதே கூட்டற்கணக்கு முடிந்துவிடுகிறது! ஏன் 320? அது 64ஐ ஐந்தாற் பெருக்கி வந்தது. ஆறு முறை பாதியாக்கலாம், ஐந்தாகவும் பங்கிடலாம். பாதி பாதியாகப் பிரிப்பவனுக்கும் விரல்விட்டு எண்ணுபவனுக்கும் ஒரே சந்தையில் இடமுண்டு. ஐந்து உள்ளே இருப்பதனாற்றான் இன்றைய கணினியால் ஒரு முந்திரியை முழுமையாக எழுதிவைக்க இயலாது. மாகாணி அதற்கு எளிது. மாவும் காணியும் தனித்தனியே எட்டாதவை. இதனைக் கொண்டு நம் முன்னோர் கணினியை வென்றுவிட்டனர் என்று எவரும் மேடையேறவேண்டாம். மூன்றிலொரு பங்கு என்று கேட்டால் முந்திரியும் கைவிரித்துவிடும். எந்த அளவையும் ஏதோ ஒரு பங்காளிக்குச் சொச்சம் வைத்தே தீரும் என்பதுதான் இதிலுள்ள பாடம்.

பங்கு என்றதும் நயினாதீவுக் கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது, தமிழிலே பொறிக்கப்பட்டது. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள அக்கல்லைத் தரிசனத்துக்குப் போவோர் பலர் பாராமலே கடந்துவிடுகின்றனர். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்கிப் பாதுகாப்புப் பெறவேண்டும் என்கிறது ஆணை. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றைச் சரக்கு ஏற்றிய கலமாயின் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. ஏன் இந்த வேறுபாடு? அரசனுக்கு யானையும் குதிரையும் வேண்டும். ஆகவே அவற்றைக் கொண்டுவருபவனின் நட்டத்தை அவன் குறைக்கிறான். ஒரு காலுக்கும் ஓர் அரைக்கும் இடையிலே ஓர் அரசின் கொள்கை முழுவதும் அடங்கிவிடுகிறது. கரையேறிய குதிரை மூன்று என்றால் அதில் கால் எது என்று என் மாணவ நண்பர் ஒருவர் குறும்பாகக் கேட்டார். விலைமதித்தே பிரித்திருக்கவேண்டும். நான் கவனிப்பது வேறு: கலம் உடைந்த பிறகு மிஞ்சியது யாருக்கு என்பதைக் கலம் புறப்படும் முன்னரே ஊரறியக் கல்லில் வெட்டிவைத்தார்கள்.

ஆசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் சிறியது. எண்சுவடியைப் புதிய பாடமாக்கும்படி நான் கேட்கவில்லை. பிள்ளைகளின் புத்தகப்பை ஏற்கெனவே பாரம். ஆறாம் வகுப்பிலே பின்னம் கற்பிக்கும்போது விடையின் பக்கத்தில் சொச்சத்தையும் எழுதச் சொல்லுங்கள். அது யாருக்குப் போகவேண்டும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். உயர்வகுப்பு மாணவருக்குக் கணினித் திரையில் மறைந்திருக்கும் இலக்கங்களை ஒருமுறை திறந்து காட்டுங்கள். ஒரு மணித்தியாலம் போதும். நம் தீவுகளில் அக்கேள்வியைக் கற்பதற்குப் புத்தகமும் வேண்டியதில்லை. வீட்டுப் பெட்டியில் உள்ள காணி உறுதியே போதும்.

எங்கள் பக்கத்து மேட்டுக்காணிக் கணக்கில் ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், ஓர் ஏக்கரில் மாகாணி. அப்பரப்பில் 18 குழி. முந்திரிக்கு எட்டாத மூன்று இங்கே எட்டுகிறது: நான்கு பரப்பை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு பரப்பு 6 குழி, குறையின்றி. ஆனால் பிள்ளைகள் ஏழு பேர் என்றால் குழியும் தோற்றுவிடும். என் தாயின் தந்தையாராகிய பேரனாருக்கு ஏழு பிள்ளைகள். 20 பரப்புக் காணி. 360 குழியை ஏழாற் பிரித்து ஆளுக்கு 2 பரப்பு 15 குழி கொடுத்தார். மிச்சம் 3 குழி. அதை எவருக்கும் எழுதாமல், எல்லாப் பங்குக்கும் பொதுவான நன்னீர்க் கிணற்றுக்குப் போகும் ஒழுங்கையாக விட்டார். ஆறடி அகலம், ஏறத்தாழ 75 அடி நீளம், இருமருங்கும் முருகைக்கல் வேலி. நெடுந்தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் என்ன என்பதை அங்கு கோடை கழித்தவர்கள் அறிவார்கள்.

இப்பொழுது அந்த ஏழு பங்கின் உரித்தாளர்கள் கொழும்பிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். பழைய பங்கீடு வாய்மொழியாக நடந்ததாகையால் புதிய உறுதி முடிப்பதற்கு ஒரு வரைபடம் தயாரித்திருக்கிறார்கள். வரைந்தவர் யார் என்பது இங்கு வேண்டுவதன்று. தொழில்முறையிற் பார்த்தால் கோடுகள் சுத்தமானவை. 200 பேர்ச் ஏழாக வகுக்கப்பட்டு ஒவ்வொரு துண்டிலும் 28.57 என்று எழுதியிருக்கிறது. கூட்டினால் 199.99, காணாமற்போன பேர்ச்சின் நூற்றிலொரு பங்கு ஒரு மணைப்பலகை போடும் இடம், அதைப் பற்றி எவரும் சண்டையிடப் போவதில்லை. ஒழுங்கையையும் சேர்த்துச் சமமாக வகுத்துவிட்டதனால் படத்தில் ஒழுங்கை இல்லை. கிணறு ஐந்தாம் துண்டுக்குள் ஒரு சிறு வட்டமாக நிற்கிறது. அதற்குப் போக மற்றை ஆறு துண்டுகளுக்கும் வழி இல்லை. படம் கைக்குக் கிடைத்த அன்றே உறவினர் எல்லோருக்கும் எழுதிவிட்டேன்: கையொப்பம் இடுவதற்கு முன் அந்த 3 குழியையும் தனித் துண்டாக வரைந்து, எட்டாவது இலக்கமிட்டு, பொதுவழி என்று எழுதுவிக்க வேண்டும். இருவர் சம்மதித்திருக்கிறார்கள், மற்றவர்களின் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.