கடல் கடந்த புல்லாங்குழல்

ஸங்கீத வித்வான் ஒருவர் அந்நிய தேசம் சென்று திரும்பினால், ஊரில் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "நமது கொடியை நாட்டிவிட்டு வந்தார்" என்று ஒரு கட்சி ஆனந்தக் கூத்தாடும். "நம் ஸங்கீதத்தை அங்கே தொலைத்துவிட்டு, அவர்களுடையதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்" என்று மற்றொரு கட்சி தலையில் அடித்துக்கொள்ளும். 1922-ஆம் வருஷத்தில் பிரேஸில் தேசத்தில் இத்தகைய சச்சரவு ஒன்று எழுந்தது. அது முடிந்த விதத்தை நேயர்கள் அறிந்துகொள்வது நல்லது.

அந்தத் தேசத்தின் ரியோ டி ஜெனீரோ நகரில், 1870-ஐ ஒட்டி 'ஷோரோ' என்னும் ஸங்கீதம் பிறந்தது. ஷோரோ என்றால் அழுகை என்று பொருள். ஆனால் அதைக் கேட்பவர்கள் அழுவதைக் காட்டிலும் தாளம் போடுவதே அதிகம்! ஐரோப்பாவிலிருந்து வந்த போல்கா முதலிய நடன மெட்டுக்களை, ஆப்பிரிக்க வம்சத்தாரின் தாளக்கட்டிலே போட்டுக் குழைத்து உண்டாக்கியது அது. புல்லாங்குழல், கித்தார், 'கவக்கின்யோ' என்ற நாலு தந்திச் சிறு வாத்தியம் - இவையே அதன் பக்க பலம்.

இந்த ஸங்கீதத்தின் மகாவித்வான், 1897-இல் பிறந்த ஆல்பிரேடோ ட ரோஷா வியானா. 'பிஷிங்கின்யா' என்ற செல்லப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. 1919-இல் ரியோவிலுள்ள ஸினி பாலே என்ற சினிமாக் கொட்டகையின் முன்கூடத்தில் வாசிப்பதற்காக அவருடைய கோஷ்டி ஏற்பட்டது. 'எட்டுக் கெட்டிக்காரர்கள்' என்று அதற்குப் பெயர். படம் பார்க்க வந்தவர்களோடு, அவர்கள் வாசிப்பைக் கேட்பதற்கென்றே வந்தவர்களும் அங்கே கூடினார்கள்.

1922-இல், ஆர்னால்டோ கின்லே என்ற தனவந்தரின் உதவியால் அவர்கள் பாரிஸுக்குக் கப்பலேறினார்கள். அப்போதே பத்திரிகைகளில் முணுமுணுப்பு எழுந்தது. காரணம் ஸங்கீதமன்று, நிறம்! கோஷ்டியில் பலர் ஆப்பிரிக்க வம்சத்தினர். பிரேஸிலில் அடிமை முறை ஒழிந்தது 1888-இல்தான். "இவர்களா நம் தேசத்தின் பிரதிநிதிகள்?" என்று சில பெரிய மனிதர்கள் வெட்கப்பட்டார்கள். பாரிஸ் ஜனங்களோ வெட்கப்படவில்லை. ஷெஹராஸாத் என்ற நடன சாலையில் ஒரு மாதம் வாசிக்கப் போனவர்கள் ஏறக்குறைய ஆறு மாதம் தங்கும்படி ஆயிற்று.

அங்கே அமெரிக்க நீக்ரோக்களின் ஜாஸ் வாத்தியத்தையும் அவர்கள் கேட்டார்கள். பிஷிங்கின்யா கையில் ஒரு ஸாக்ஸபோன் வந்து சேர்ந்தது. ஊர் திரும்பிய பிறகு பாஞ்சோவும் பாக்ஸ்-டிராட்டும் கச்சேரியில் இடம் பெற்றன. முன்பு நிறத்தைக் குறை கூறியவர்களுக்கு இப்போது ராகமும் அகப்பட்டுவிட்டது! 1928-இல் அவருடைய 'கரின்யோசோ' என்ற உருப்படி இசைத்தட்டில் வெளிவந்தபோது, "இது அமெரிக்க ஜாஸின் சாயல்" என்று ஒரு விமர்சகர் தீர்ப்புக் கூறினார். 1937-இல் அதே மெட்டுக்கு ஜுவாவோ டி பாரோ என்பவர் சாஹித்யம் இயற்ற, ஓர்லாண்டோ ஸில்வா பாடினார். பிரேஸிலில் அந்தப் பாட்டை அறியாத வீடு இல்லை என்றே சொல்லலாம்!

ஸாக்ஸபோனின் கதை இன்னும் ரஸமானது. 1940-களில் பிஷிங்கின்யா குழலைக் கீழே வைத்துவிட்டார். பெனடிட்டோ லாஸெர்டா குழல் வாசிக்க, இவர் ஸாக்ஸபோனில் கீழ் ஸ்தாயியிலே எதிர் மெட்டுப் போட்டுக்கொண்டே போவார். இது ஜாஸ் அல்ல. இவருடைய பால்யத்தில், குருவாகிய இரினேயு டி அல்மெய்டா, ஒபிக்ளைட் என்ற பழைய பித்தளை வாத்தியத்தில் வாசித்துக் காட்டிய பாணி அது! அந்த ஒபிக்ளைட்டும் பிரான்ஸ் தேசத்துச் சரக்கேதான். முந்தின தலைமுறையில் வந்தபடியால் அது சுதேசியாகிவிட்டது; பிந்தி வந்ததனால் ஸாக்ஸபோன் அந்நியமாகத் தோன்றியது. விஷயம் அவ்வளவுதான்.

வாத்தியம் எந்தத் துறைமுகத்தில் இறங்கிற்று என்று விசாரிப்பதை விட, அதை வாசிப்பவன் தன் குருவினிடம் என்ன கற்றான் என்று விசாரிப்பதே முறை என்பது நமது அபிப்பிராயம். கற்றது கெட்டியாயிருந்தால், அவன் எந்தத் தேசத்துக்கும் போகலாம். எதையும் கொண்டு வரலாம். கெட்டியில்லாதவன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலிருந்தும் பயனில்லை.

பிஷிங்கின்யா 1973-இல் காலமானார். 2000-ஆம் வருஷத்தில் பிரேஸில் அரசாங்கம் சட்டம் இயற்றி, அவருடைய பிறந்த நாளாகக் கொண்டாடப்பட்டு வந்த ஏப்ரல் 23-ஆம் தேதியைத் தேசீய ஷோரோ தினமாக்கிற்று. எந்த மனிதரைத் தேசத்தின் பிரதிநிதியாக அனுப்ப வெட்கப்பட்டார்களோ, அவர் பெயராலேயே இன்று தேசம் தன் ஸங்கீதத்துக்குத் திருநாள் கொண்டாடுகிறது!