காத்திருக்கும் லாரிக்காரருக்கு ஒரு கூரை

சென்னையை அடுத்துள்ள வல்லம் வடகால், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை தொழிற்பேட்டைகளுக்குச் சரக்கு கொண்டுவரும் லாரி ஓட்டுநர்கள் பலர், ஆலைக்குள் நுழைய முறை வரும்வரை சாலையோரத்திலேயே இரவைக் கழிக்கிறார்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடம் பக்கம் வரிசையாக நிற்கும் கனரக வண்டிகளைப் பார்க்காமல் கடந்துவிட முடியாது. பகலெல்லாம் ஓடிய இன்ஜினின் சூடு கேபினுக்குள் தேங்கியிருக்கும். கதவைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். அதனால் சிலர் வண்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்துப் படுக்கிறார்கள். சிலர் அதையே பக்கவாட்டில் இழுத்துக் கட்டிக் கூடாரமாக்கிக்கொள்கிறார்கள். இதை ஓட்டுநரின் தலையெழுத்து என்று விட்டுவிடுவது நியாயமில்லை. ஆலைக்காக அவர் காத்திருக்கும் நேரம் ஆலைக்கான உழைப்பு நேரமே. அந்த நேரத்தில் காற்றோட்டமுள்ள ஒரு கூரையை அவருக்குத் தருவது தொழிற்பேட்டையின் கடமை.

மே மாத வெயிலைவிட இங்கே உடலை அதிகம் வதைப்பது ஈரப்பதம். வெக்கை ஏற ஏற, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வியர்வையைத்தான் நம்பியிருக்கிறது. கடலுக்கு வெகுதூரம் இல்லாத இப்பகுதியில் இரவுக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர, காய்வதில்லை. காயாத வியர்வையால் உடல் குளிராது, தூக்கமும் பிடிக்காது. அப்படி விடியவிடிய விழித்துக் கிடந்தவர்தான் மறுநாள் பல டன் எடையுள்ள வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறுகிறார். எதிரே வரும் பேருந்துப் பயணியின் உயிரும் அவரது தூக்கத்தை நம்பியே இருக்கிறது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழக அரசு, அதனால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க வழிசெய்தது. நல்ல முடிவுதான். ஆனால் உயிர் போகாமல் காக்கும் ஏற்பாடு அதற்கு முன்னால் வர வேண்டும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் கேபினில் ஏசி கட்டாயமாகிவிட்டதே என்று கேட்கலாம். வரவேற்க வேண்டிய விதி அது. ஆனால் அதற்கு முன் தயாரான லாரிகளை அது கட்டுப்படுத்தாது. அவை இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஏசி உள்ள வண்டியிலும் இரவு முழுக்க இன்ஜினை ஓடவிட்டு டீசல் எரிக்க எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். தேசிய நெடுஞ்சாலைகளில் முதல் கட்டமாக 1,000 ஓய்வு இல்லங்கள் அமையும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். அவை வழிப்பயணத்துக்கு உதவும். ஆலை வாசலில் காத்திருப்பவருக்கு உதவாது.

ஓட்டுநர் எங்கள் ஊழியர் இல்லை, டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் ஆள் என்பது ஆலைகள் தரப்பு வாதம். இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வேலை தருபவரைப் பணித்தது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் கட்டடம் எழுப்புவது நடக்கிற காரியமல்ல. நேரத்துக்குச் சரக்கு வருவதால் கிடங்குச் செலவை மிச்சப்படுத்தும் ஆலைகளும் இடத்தை நிர்வகிக்கும் அரசு நிறுவனமான சிப்காட்டும் சேர்ந்தால்தான் முடியும். லாரியை விட்டு ஓட்டுநர் நகர மாட்டார் என்பதும் உண்மையே. டீசலும் ஸ்டெப்னியும் களவுபோகும் பயம் அவருக்கு. ஆகவே காவலும் கேமராவும் உள்ள நிறுத்துமிடத்துக்குள்ளேயே மின்விசிறி, கொசுவலை, குளியலறை, குடிநீருடன் படுக்கைக்கூடம் இருக்க வேண்டும்.

இடமும் பணமும் எங்கே என்ற கேள்விக்கு வல்லம் வடகாலிலேயே பதில் இருக்கிறது. 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் அங்கே முதல்வர் திறந்துவைத்தார். தொழிலாளியின் தூக்கம் உற்பத்தியின் ஓர் அங்கம் என்பதை அரசு ஏற்றுக்கொண்டதற்கு அதுவே சான்று. அந்த ஏற்பு ஆலை மதிலோடு நின்றுவிடக் கூடாது. அடுத்த கோடைக்குள் இந்தத் தொழிற்பேட்டைகள் ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் ஓய்வுக்கூடத்துடன் கூடிய லாரி நிறுத்துமிடத்தை சிப்காட் அமைக்க வேண்டும். அதன் பராமரிப்புச் செலவில் ஆலைகள் பங்கேற்க வேண்டும்.